வானத்தைக் கணக்கிட்ட ஆலிம்: ஷெய்கு தாஹிர் ஜலாலுத்தீன்

வியாபாரத்துக்குக் கணக்கு உயிர் போன்றது. பேரேட்டைப் பாராமல் கடை நடத்தியவன் வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும்போது தலையில் கைவைத்து உட்காருவான் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் ஐந்து வேளைத் தொழுகையின் நேரம், நோன்பின் தொடக்கம், இரு பெருநாட்கள், ஹஜ்ஜு, ஜகாத்துக்குரிய வருஷம் ஆகிய இவை யாவும் நம் கடைப் பேரேட்டில் இல்லை. இவற்றின் கணக்கு வானத்தில் இருக்கிறது. சூரியனும் சந்திரனும் அக்கணக்கை இம்மியும் பிசகாமல் எழுதி வருகின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தாம் நம்மில் மிகச் சிலராகிவிட்டார்கள்.

நாம் குடியிருக்கும் கெப்பாலா பத்தாஸுக்கு இந்தக் கல்வி புதியதன்று. இவ்வூரில் தாயிரத்துல் மஆரிஃப் அல்வதனிய்யா மத்ரஸாவை நிறுவியவரும், பினாங்கின் முஃப்தியாக விளங்கியவருமான ஷெய்கு அப்துல்லா ஃபஹீம் அவர்கள் வானக் கணிதமாகிய ஃபலக் கல்வியில் பெயர் பெற்றவர்கள். 1957 ஆகஸ்ட் 31ஐ மலாயாவின் சுதந்திர தினமாகத் தேர்ந்ததில் அவர்களுடைய ஆலோசனை இருந்ததென்பது இந்நாட்டில் பரவலாக வழங்கி வரும் செய்தி. 1961ல் அவர்கள் வஃபாத்தானார்கள். அவர்களுடைய பேரர் அப்துல்லா அஹ்மத் படாவி 2003 முதல் 2009 வரை மலேசியாவின் பிரதமராக இருந்ததை யாவரும் அறிவர்.

ஷெய்கு அப்துல்லா ஃபஹீம் அவர்களின் காலத்தில், அவர்களைப் போலவே மக்காவில் ஓதி, இதே வட பகுதியில் வாழ்ந்து, வானக் கணிதத்தையே தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்ட பெரியார் மற்றொருவர் இருந்தார்கள். பினாங்கில் ஒரு வானாய்வு நிலையம் இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள்தாம் ஷெய்கு தாஹிர் ஜலாலுத்தீன் அல்ஃபலக்கீ. அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றையும், அதனூடே நம் பிள்ளைகள் அவசியம் அறியவேண்டிய வானத்தின் பாலபாடத்தையும் இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

அநாதைச் சிறுவன்

சுமத்ரா தீவின் மேற்குப் பகுதி மினாங்கபாவ் மக்கள் வாழும் மலைநாடு. அங்கே புக்கிட்திங்கி நகரை அடுத்த அம்பெக் அங்கெக் என்னும் ஊரில், 1869 டிசம்பரில், ஹிஜ்ரி 1286 ரமலான் மாதத்தில் ஷெய்கு அவர்கள் பிறந்தார்கள். மார்க்கக் கல்வியில் பெயர் பெற்ற குடும்பம் அவர்களுடையது. ஆயினும், இளம் வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார்கள். பத்துப் பதினொரு வயதுப் பாலகனாகக் கப்பலேறி மக்கா மாநகரம் போய்ச் சேர்ந்தார்கள்.

மக்காவில் அவர்களை ஆதரித்தவர் அவர்களுடைய தாய்வழி உறவினரான ஷெய்கு அஹ்மத் கதீப். இவர் ஹரம் ஷரீஃபில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாமாகவும் ஆசிரியராகவும் உயர்ந்தவர். இந்தோனேசியாவில் முஹம்மதிய்யா இயக்கத்தைத் தோற்றுவித்த அஹ்மத் தஹ்லானும், நஹ்தத்துல் உலமாவைத் தோற்றுவித்த ஹாஷிம் அஷ்அரியும் இவரிடம் பாடம் கேட்டவர்களே. மார்க்கச் சட்டத்தோடு கணிதத்திலும் வானசாஸ்திரத்திலும் இவருக்குத் தேர்ச்சி உண்டு. இத்தகைய ஆசானின் நிழலில் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் இருந்த மாணவருக்கு வானத்தின்மேல் நாட்டம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

1893ஆம் ஆண்டையொட்டி அவர்கள் எகிப்து சென்று, கெய்ரோவிலுள்ள அல்அஸ்ஹர் கலாசாலையில் சேர்ந்தார்கள். ஃபலக் கல்வியை அங்கே முறையாகக் கற்றுத் தேறினார்கள். கெய்ரோவுக்கு இக்கல்வியில் பழம் பெருமை உண்டு. ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முன் இப்னு யூனுஸ் என்னும் மேதை அந்நகரிலிருந்துதான் சூரிய சந்திரரின் இயக்கத்துக்கு அட்டவணைகள் எழுதினார். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் உத்தியோகத்தில் இருந்த இப்னு ஷாத்திர், சந்திரனின் ஓட்டத்துக்கு எழுதிய கணக்கு, பிற்காலத்தில் ஐரோப்பாவில் கோப்பர்னிகஸ் எழுதிய கணக்கோடு ஒத்திருப்பதை அறிஞர்கள் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். பள்ளிவாசலின் தேவையே இக்கல்வியை வளர்த்தது. பிற்காலத்தில் அதே சமுதாயம் அதைக் கைநழுவ விட்டது.

மூன்று சுழற்சிகள்

அவர்கள் கற்ற கல்வியின் அடிப்படை என்ன? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக் கூடிய மூன்று சுழற்சிகளே அதன் அடிப்படை.

முதலாவது, பூமி தன்னைத்தானே சுற்றுவது. இதனால் பகலும் இரவும் உண்டாகின்றன. வட்டத்துக்கு 360 பாகை. நாளுக்கு 24 மணி. ஆகவே ஒரு பாகை திரும்பப் பூமிக்கு 4 நிமிஷம் பிடிக்கிறது.

இரண்டாவது, சந்திரன் பூமியைச் சுற்றுவது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிஷம் ஆகிறது. இதனால்தான் பிறை மாதம் சில வேளை 29 நாளாகவும் சில வேளை 30 நாளாகவும் அமைகிறது. சந்திரனுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரிய ஒளி படும் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவே நமக்குப் பிறையாகத் தெரிகிறது.

மூன்றாவது, பூமி சூரியனைச் சுற்றுவது. இதற்கு 365 நாளும் ஏறத்தாழ 6 மணியும் ஆகும். ஆங்கில வருஷம் இதை ஒட்டியது. பூமியைப் போலவே சூரியனைச் சுற்றுபவை புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என மேலும் ஏழு. பூமியோடு சேர்த்துக் கிரகங்கள் எட்டு. முதல் ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதால் முற்காலத்தாரும் அவற்றை அறிந்திருந்தனர். அரபு நூல்களில் அவற்றை உத்தாரித், ஸுஹ்ரா, மிர்ரீக், முஷ்தரீ, ஸுஹல் என்பார்கள். நெப்டியூனை 1846ல் முதலில் கணக்குப் போட்டு இடம் குறித்து, பிறகே தொலைநோக்கியில் கண்டார்கள். நாம் பள்ளியில் ஒன்பதாவதாகப் படித்த புளூட்டோவை 1930ல் கண்டுபிடித்தார்கள். 2006ல் அதைக் கிரகங்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கிரகம் என வகுத்துவிட்டார்கள்.

இவற்றின் அளவு பிள்ளைகளின் மனத்தில் பதிய ஒரு வழி உண்டு. மளிகைக் கடைப் பொருளே இதற்குப் போதும். 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தேங்காய் ஒன்றைப் பூமி என்று வையுங்கள். சிறிய எலுமிச்சம்பழம் ஒன்று சந்திரன். அதைத் தேங்காயிலிருந்து 3½ மீட்டருக்குச் சற்று அப்பால் வைக்கவேண்டும். சூரியனுக்கோ 13 மீட்டர் குறுக்களவுள்ள பந்து வேண்டும். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் அது! அதையும் கடைத்தெருவைத் தாண்டி 1,400 மீட்டர் தூரத்தில் நிறுத்தவேண்டும். உண்மையில் சந்திரன் 3,84,000 கிலோமீட்டர் தூரத்திலும், சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்திலும் உள்ளன. சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்து சேர 8 நிமிஷத்துக்கு மேலாகிறது.

பத்திரிகையும் மத்ரஸாவும்

கல்வி முடித்த ஷெய்கு அவர்கள் 1899ஆம் ஆண்டளவில் மலாய் நாடு திரும்பிப் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் மணம் முடித்து அங்கே குடும்பம் அமைத்துக் கொண்டார்கள். எகிப்தில் அல்மனார் பத்திரிகையை நடத்திய ரஷீத் ரிளா அவர்களுக்கு நண்பர். அதைப் போன்றதொரு பத்திரிகை மலாய் மக்களுக்கும் வேண்டுமென்று எண்ணி, தோழர்களோடு சேர்ந்து 1906 ஜூலையில் சிங்கப்பூரில் அல்இமாம் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியதுபோல, மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறையில் அது வெளிவந்தது. சமுதாயம் பின்தங்கியது கல்வியைக் கைவிட்டதனால்தான் என்பது அதன் ஓயாத பல்லவி. 1908 இறுதியோடு அது நின்றுவிட்டாலும், அதன் எதிரொலி நெடுங்காலம் நிற்கவில்லை.

வியாபாரிகளாகிய நாம் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அப்பத்திரிகையின் நிர்வாகப் பொறுப்பை ஏற்று நடத்திய ஷெய்கு முஹம்மது சாலிம் அல்கலாலி, அச்சே நாட்டைச் சேர்ந்த வியாபாரி. எழுதுவோர் எத்தனை பேர் இருந்தாலும், அச்சுக்கூலி கொடுக்க ஒரு கை நீண்டால்தான் எழுத்து மக்களிடம் போய்ச் சேரும். ஆலிமின் அறிவும் வியாபாரியின் பொருளும் கூடியபோது ஒரு சமுதாயம் விழித்தது.

பிற்பாடு ஷெய்கு அவர்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1916ல் தோன்றிய மஷ்ஹூர் மத்ரஸாவில் ஆசிரியராகப் பணிபுரிந்தார்கள். அல்இமாமில் தோழராயிருந்த செய்யிது ஷெய்கு அல்ஹாதி அவர்களும் அதே மத்ரஸாவில் பொறுப்பு வகித்தார்கள். மார்க்கக் கல்வியோடு பிற பாடங்களையும் சேர்த்துப் போதித்த அம்மத்ரஸாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் மாணவர் வந்து சேர்ந்தனர்.

புதியன சொல்வோருக்கு எதிர்ப்பு வராமலிருக்குமா? அக்காலத்தில் மலாய் நாட்டு முஸ்லிம்கள் காவூம் மூடா, காவூம் துவா என இளைய அணியாகவும் மூத்த அணியாகவும் பிரிந்து வாதிட்டனர். ஷெய்கு அவர்கள் இளைய அணியின் தலைவர்களுள் ஒருவராக எண்ணப்பட்டார்கள். அவர்களை மறுத்து எழுதியோர் பலர். 1927ல் பிறந்த மண்ணைக் காணச் சுமத்ரா சென்றபோது, அங்கே ஆண்ட டச்சு அரசாங்கம் அவர்களைச் சந்தேகித்துக் கைது செய்து ஏறத்தாழ ஆறு மாதம் காவலில் வைத்தது. அப்போது அவர்களுக்கு வயது 57. விடுதலை பெற்று மலாய் நாட்டுக்கே திரும்பினார்கள்.

வாதங்களில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம். சூரியன் உச்சி சாயும் நேரம் இரு அணியாருக்கும் ஒன்றே. ஆகவே அவர்களுடைய கருத்துகளை ஏற்காதவரும் அவர்களுடைய கணக்கினால் பயன் பெற முடிந்தது. பிரிந்து கிடந்த சமுதாயத்துக்குப் பொதுவாக ஒருவர் கொடுக்கக் கூடிய கொடைகளுள் இதனினும் பெரியது எது?

கடிகாரம் மாறினும் கதிரவன் மாறான்

அவர்களுடைய கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைக் கடிகாரத்தின் கதையைக் கொண்டு விளக்கலாம். 1905ல் இந்நாட்டு நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி கூடுதல் என வகுக்கப்பட்டது. 1933ல் மேலும் 20 நிமிஷம் கூட்டினார்கள். 1941ல் அது ஏழரை மணியாயிற்று. 1942ல் ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரத்தைப் புகுத்தி 9 மணியாக்கினார்கள். 1945ல் மறுபடியும் ஏழரை மணிக்குத் திரும்பியது. ஷெய்கு அவர்களின் ஆயுளிலேயே இத்தனை மாற்றம்! அவர்களுக்குப் பின், 1982 ஜனவரி 1ல் அது 8 மணியாகி இன்றுவரை நீடிக்கிறது.

அரசாங்கம் கடிகார முள்ளைத் திருப்பலாம். சூரியனைத் திருப்ப முடியாது. தொழுகை நேரம் சூரியனைச் சார்ந்தது. சூரியன் உச்சியைக் கடந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சிநேர நிழல் போக, அப்பொருளின் நீளமளவு வளர்ந்தால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். ஹனஃபி மத்ஹபில் பெரும்பான்மையோர் கொள்வது இரு மடங்கு. சூரியன் மறைந்ததும் மஃரிப். அது அடிவானுக்குக் கீழே சுமார் 18 பாகை இறங்கி, மேல்வானத்து ஒளி முற்றும் அடங்கியதும் இஷா. கெப்பாலா பத்தாஸில் இன்று உச்சிப்பொழுது சராசரியாகப் பகல் 1 மணி 18 நிமிஷத்துக்கு வருகிறது. 12 மணிக்கு வராததற்குக் காரணம், நம் கடிகாரம் நமக்கு வெகு கிழக்கேயுள்ள ஒரு தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதே. நாகூருக்கும் நமக்கும் கடிகாரத்தில் இரண்டரை மணி வித்தியாசம். சூரியக் கணக்கிலோ வித்தியாசம் 1 மணி 22 நிமிஷந்தான்.

இவற்றைக் கணிக்கும் வழியைத்தான் ஷெய்கு அவர்கள் நூலாக்கினார்கள். 1930களின் பிற்பகுதியில் நதீஜத்துல் உமுர் என்னும் நூலையும், ஐவேளை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் மடக்கை என்னும் லாகரிதம் கொண்டு கணிக்கும் முறையை விளக்கும் அட்டவணை நூல்களையும் வெளியிட்டார்கள். லாகரிதம் என்றதும் மலைக்கவேண்டாம். பெரிய பெருக்கலைச் சிறிய கூட்டலாக்கித் தரும் உபாயம் அது. கணிப்பொறி இல்லாத அந்நாளில், அட்டவணையும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒரு கிராமத்து ஆசிரியரும் தம் ஊருக்குரிய நேரத்தைத் தாமே கண்டறிய அது வழி செய்தது. வானக் கணக்கு ஒரு சிலரின் இரகசியமாக இருந்த நிலை மாறி, எழுத்துக் கூட்டிப் படிக்கும் எவருக்கும் உரியதாயிற்று. அவர்களுடைய தொண்டின் சாரம் இதுவே என்பது நம் கருத்து.

கிப்லாவும் பிறையும்

கிப்லா மேற்கே இருக்கிறது என்பார் பலர். அது முற்றும் சரியன்று. கெப்பாலா பத்தாஸிலிருந்து கஃபாவின் திசை நேர்மேற்கிலிருந்து வடக்கே சுமார் 21½ பாகை விலகியிருக்கிறது. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வருஷத்தில் இரண்டு நாள், மே 28லும் ஜூலை 16லும், சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேரே வருகிறது. அப்போது நமக்கு முதலாவது நாளில் மாலை சுமார் 5 மணி 18 நிமிஷம். இரண்டாவது நாளில் சுமார் 5 மணி 27 நிமிஷம். அவ்வேளையில் சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நிழல் விழும் திசைக்கு நேர் எதிராக, அதாவது சூரியனை நோக்கி நின்றால் அதுவே கிப்லா. வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் செய்து காட்டவேண்டிய பாடம் இது.

பிறை விஷயத்துக்கு வருவோம். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கமாகச் சேரும் நேரம் அமாவாசை. சாதாரணமாக அச்சேர்க்கை கண்ணுக்குத் தெரியாது. சந்திரன் சூரியனை மறைக்கும் கிரகணத்தின்போது மட்டும் தெரியும். 1929 மே 9ல் கெடா மாநிலத்தில் முழுச் சூரிய கிரகணம் தோன்றியது. அதைக் காண இங்கிலாந்திலிருந்து வானநூலார் அலோர் ஸ்டாருக்கு வந்திருந்தனர். அந்நாள் ஹிஜ்ரி 1347 துல்கஃதா மாதத்தின் கடைசி. மாதத் தொடக்கத்திலோ நடுவிலோ சூரிய கிரகணம் வரவே வராது. கணக்கு எவ்வளவு திட்டமானது என்பதற்கு இது சான்று.

சேர்க்கைக்குப் பின் சந்திரன் சூரியனைவிட்டு நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை கிழக்கே விலகுகிறது. போதிய தூரம் விலகிய பிறகே மெல்லிய பிறை அந்திவானில் கண்ணுக்குத் தட்டும். மலேசியாவில் இப்போது, சூரியன் மறையும்போது பிறை அடிவானுக்கு மேல் 3 பாகை உயரத்திலும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியும் இருக்கவேண்டும் என்பது அளவுகோல். ஓர் ஊரில் மறைந்த பிறை அதற்கு மேற்கேயுள்ள ஊரில் வயதும் உயரமும் கூடித் தெரியலாம். ஆகவே மலேசியாவில் ஒரு நாளும் மக்காவில் வேறொரு நாளும் பெருநாள் வருவதைக் கண்டு, ஒருவர் மற்றவரைப் பிழையென்று தூற்றுவது அறியாமை. ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில் அண்ணன் நோன்பிருக்கத் தம்பி பெருநாள் கொண்டாடிய கசப்பை நாம் கேள்விப்படாமல் இல்லை. பிறையின் பாலபாடம் தெரிந்த வீட்டில் அந்தச் சண்டைக்கு இடம் குறைவு.

வியாபாரிகள் கவனிக்கவேண்டிய பதினொரு நாள்

பன்னிரண்டு பிறை மாதம் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள். ஆங்கில வருஷமோ 365 நாள். வித்தியாசம் ஏறத்தாழ 11 நாள். ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து வருவதற்குக் காரணம் இதுவே.

இந்தப் பதினொரு நாள் நம் கல்லாப்பெட்டியையும் தொடுகிறது. ஜகாத் கடமையாவது பிறை வருஷம் ஒன்று பூர்த்தியாகும்போது. நம்மில் பலர் கடைக் கணக்கை டிசம்பர் 31ல் முடித்து, அதை வைத்தே ஜகாத்தும் கொடுத்து வருகிறோம். 32 ஆங்கில வருஷத்துக்குள் 33 பிறை வருஷம் கழிந்து விடுகிறது. அப்படியானால் 32 வருஷம் வியாபாரம் செய்தவர் ஏழைக்குரிய ஒரு வருஷப் பங்கைத் தம்மையறியாமலே தம் பெட்டியில் வைத்துக் கொண்டவராகிறார். இதனால்தான், ஆங்கில வருஷப்படி கணக்கு முடிப்போர் நூற்றுக்கு 2.5 என்பதற்குப் பதிலாக ஏறத்தாழ 2.577 என்று கொடுக்க வேண்டுமென இக்கால அறிஞர்கள் விளக்குகின்றனர். ஒரு லட்சம் ரிங்கிட் ஜகாத்துக்குரிய இருப்புக்கு 2,500 ரிங்கிட் அன்று, 2,577 ரிங்கிட். வித்தியாசம் 77 ரிங்கிட். தராசில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் மனம் பதறும் நேர்மையான வியாபாரிக்கு இத்தொகை அற்பமாகத் தோன்றாது. தத்தம் கணக்குக்குரிய முறையை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்வது நலம்.

வானம் நமக்குத் தூரமானது, அதைப் பற்றிய கல்வி பரீட்சைக்கு மட்டுமே உதவும் என்று எண்ணுவோருக்கு இதுவே பதில்.

மறைவும் மறையாத பெயரும்

ஷெய்கு அவர்கள் முதுமையிலும் எழுதுவதையும் கணிப்பதையும் விட்டார்களில்லை. 1956 அக்டோபர் 26ல் கோலகங்சாரில் காலமானார்கள். ஆங்கிலக் கணக்கில் அவர்களுக்கு வயது 86. பிறைக் கணக்கிலோ 89. ஒரு மனிதரின் ஆயுளிலேயே இரு கணக்குக்கும் மூன்று வருஷம் வித்தியாசம்! மலாயா சுதந்திரம் பெற இன்னும் பத்து மாதம் இருந்தது. அதைக் காண அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர்களுடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய மகன் ஹம்தான் ஷெய்கு தாஹிர் கல்வித் துறையில் உயர்ந்து, பினாங்கில் 1969ல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். பின்னர் 1989 முதல் 2001 வரை பினாங்கின் ஆளுநராகவும் விளங்கினார். 1991ல் பினாங்குத் தீவின் மேற்குக் கரையில், பந்தாய் அச்சேயில், கடலைப் பார்த்தவாறு வானாய்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஷெய்கு தாஹிர் ஃபலக் நிலையம் என்று பெயர். மாதப் பிறை பார்ப்பதற்கு இன்றும் அங்கே தொலைநோக்கிகள் மேல்வானத்தை நோக்கித் திருப்பப்படுகின்றன.

பெற்றோரை இழந்து கப்பலேறிய ஒரு சிறுவன், தான் கற்றதைத் தன்னோடு வைத்துக் கொள்ளாமல் எளிய அட்டவணையாக்கி ஊராருக்குக் கொடுத்துச் சென்றான் என்பதே இவ்வரலாற்றின் சுருக்கம். இன்று நம் கைத்தொலைபேசி நொடியில் நேரத்தைச் சொல்லி விடுகிறது. சொல்லட்டும், நல்லதுதான். ஆயினும் கணக்குப்பிள்ளை எழுதிய பேரேட்டைத் தாமும் ஒருமுறை கூட்டிப் பார்க்கத் தெரிந்தவரே முதலாளி. அதுபோல, கருவி காட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும்.

ஆகவே நம் வாசகர்களுக்கு நாம் சொல்வது இது. வருகிற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பந்தாய் அச்சேக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். இயலாதவர்கள் மாதத்தின் 29ஆம் நாள் அந்தி வேளையில் அரை மணி நேரம் கடையைப் பிறர் பொறுப்பில் விட்டு, வயல்வெளிப் பக்கம் போய் மேற்கே பிறையைத் தேடிக் காட்டுங்கள். நம் மாலை வகுப்பு மத்ரஸாக்களில் கிப்லாவும் பிறையும் தொழுகை நேரமும் எப்படிக் கணிக்கப்படுகின்றன என்பதற்கு மாதம் ஒரு வகுப்பாவது ஒதுக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம். ஒரு பூகோள உருண்டையும் சிறிய தொலைநோக்கியும் வாங்கிக் கொடுக்க நம்மில் வசதியுள்ளோர் முன்வருவார்களாயின், அல்கலாலி போன்ற வியாபாரிகள் அன்று செய்த தொண்டை இன்று நாமும் செய்தவர்களாவோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் ஷெய்கு தாஹிர் ஜலாலுத்தீன் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்கி, அவர்களின் கல்வியால் நம் சந்ததியும் பயன்பெற அருள் புரிவானாக. ஆமீன்.